புல்வெளிக்கு அடியில் பழைய தோட்டப் பாதை

உங்கள் இங்கிலாந்து மாளிகைப் புல்வெளிக்கு அடியில் பழைய தோட்டப் பாதைகள் இருக்கின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். உடனே மண்வெட்டியைத் தூக்காதீர்கள்! ஜூலையில் இரண்டு மூன்று வாரம் மழை இல்லையென்றால் தண்ணீர் பாய்ச்சாமல் விடுங்கள். பழைய பாதையில் பரப்பிய சரளைக்கு மேல் மண் மெலிதாக இருப்பதால் அங்கே புல் முதலில் காயும். இங்கிலாந்தின் டெர்பிஷையரிலுள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையில் 1699ஆம் ஆண்டுப் பூப்பாத்திகளின் வடிவம் 2018 வறட்சியில் இப்படித்தான் தெரிந்தது. மாடியிலிருந்து படமெடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாகவே நிற்கும் கோடு பாதையல்ல. ஆழமான மண் ஈரம் பிடித்த பழைய பாத்தியாகவோ வடிகால் பள்ளமாகவோ இருக்கலாம். பிறகு 10 மி.மீ. இரும்புக் கம்பியை 50 செ.மீ. இடைவெளியில் குத்திப் பாருங்கள். சரளையென்றால் நறநறவென்று தடுக்கும். வெறும் மண்ணென்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதற்கு முன் மின்கம்பி, எரிவாயுக் குழாய் போகும் வழியைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.