கோஹியரன்ட் என்றால் கோர்வை

கேள்வி: கோட்டையில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறேன். என் ஆங்கில அறிக்கையை மேலதிகாரி "நொட் கோஹியரன்ட்" என்று எழுதித் திருப்பிவிட்டார். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அகராதி "ஒத்திசைவான" என்கிறது. எதைத் திருத்துவது?
(வாசகி, வெள்ளவத்தை)

அகராதியை மூடிவையுங்கள். இதற்கு நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது: கோர்வை. "பிள்ளை கோர்வையாகக் கதைக்குது" என்போமே, அதுதான். "கோஹியரன்ட்" என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு ஒட்டிக்கொண்டிருத்தல் என்று பொருள். பசையைக் குறிக்கும் "அட்ஹீசிவ்" என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான்.

சரி, நீங்கள் அனுப்பிய பந்திக்கு வருவோம். தமிழில் சொன்னால் இப்படி: "டிசம்பரில் விற்பனை குறைந்தது. வத்தளைக் களஞ்சியத்தில் இடம் போதவில்லை. ஆகவே இரண்டு பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்." ஒவ்வொரு வசனமும் சரி. ஆனால் விற்பனை குறைந்தால் ஆளைக் குறைப்பார்களா, கூட்டுவார்களா? விற்காத சரக்கு தேங்கியது, அதனால் இடம் போதவில்லை, அதைப் பிரித்து அனுப்ப ஆள் வேண்டும். இது உங்கள் மனதில் இருக்கிறது, தாளில் இல்லை. "ஆகவே" மட்டும் தனியாக நின்று முழிக்கிறது.

இணைப்புச் சொற்களால் வசனங்களைத் தொடுப்பது "கொஹீஷன்". கருத்தே ஒன்றிலிருந்து ஒன்றாக வருவது "கோஹியரன்ஸ்". ஆங்கிலத் தேர்ச்சியைச் சோதிக்கும் ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுத்துப் பரீட்சையில் இரண்டும் சேர்ந்து நான்கு அளவுகோல்களில் ஒன்று. அதற்காக "தெயபோர்", "மோரோவர்" என்று அள்ளித் தெளிப்பவர்கள் பலர். நூல் மட்டும் இருந்தால் மாலை ஆகுமா?

"கன்சிஸ்டன்ட்" வேறு; அது முன்னுக்குப் பின் முரண்படாமல் இருப்பது. இரண்டாம் பக்கத்தில் 40 பெட்டி, ஐந்தாம் பக்கத்தில் அதே சரக்கு 60 பெட்டி என்றால், அங்கே உதைப்பது அது.

கோர்வையாக இருப்பதெல்லாம் உண்மை என்றும் இல்லை. "காலி வீதியில் டிராபிக், 100ஆம் இலக்க பஸ் பிந்தியது, அதனால் நானும் பிந்தினேன்" என்பது அருமையான கோஹியரன்ட் விளக்கம். சொன்னவர் அன்று ஓட்டோவில் வந்திருக்கலாம்.

ஆளுக்கும் இந்தச் சொல் பொருந்தும். விபத்தில் அடிபட்டவர் கேட்டதற்குப் புரியும்படி பதில் சொன்னால் கோஹியரன்ட். காய்ச்சலில் உளறினால் "இன்கோஹியரன்ட்". உங்கள் மேலதிகாரி அந்தச் சொல்லை எழுதாமல் "நொட்" போட்டது அவருடைய நாகரிகம்.