வீடுகளுக்கு நடுவே பட்டறை: இடிக்காமல் மாற்றக்கூடிய ஷெட் எப்படிக் கட்டுவது?

கோவை கணபதியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "12 சென்ட் இடத்தில் அப்பா காலத்து லேத் பட்டறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுற்றிலும் இப்போது வீடுகள், சத்தம் என்று புகார் வருகிறது. இடித்துவிட்டு, கம்ப்யூட்டரில் இயங்கும் சி.என்.சி. மெஷின்களுக்கு ஷெட் போட நினைக்கிறேன். என் மகன் இதே தொழிலுக்கு வருவானா தெரியாது. நாளைக்கு வேறு தொழிலுக்கும் உதவும்படி, வெயிலும் கரண்ட் பில்லும் குறையும்படி கட்ட முடியுமா? கான்ட்ராக்டர் 'கிரீன் ஃபேக்டரி' சான்றிதழும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்."

கட்ட முடியும். சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடம் என்று தரும் அந்தச் சான்றிதழ் உங்களுக்கு வேண்டாம். பெரிய கம்பெனிக்கு சரக்கு கொடுப்பவர்களுக்கு அது பயன்படலாம். உங்கள் அளவு ஷெட்டுக்கு அந்தப் பணத்தைக் கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்புக்குப் போடுங்கள்.

முதலில் காகிதம். கட்டடத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், தவறாக வாங்கிய அனுமதியை மாற்றுவதுதான் பெரும்பாடு. "குடோன் என்று பிளான் போட்டு வாங்கிடலாம் சார், அப்புறம் மெஷின் இறக்கிக்கலாம்" என்று சொல்லும் புரோக்கர் ஒருவர் கட்டாயம் வருவார். அவர் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பேங்க் லோனுக்குப் போகும்போதும் மின் இணைப்பைக் கூட்டும்போதும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். உங்கள் சர்வே எண் எந்த நிலப் பயன்பாட்டில் வருகிறது என்று உங்கள் பகுதியின் நகர் திட்ட அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். பல வருடமாகப் பட்டறை ஓடுகிறது என்பதே புதுக் கட்டடத்துக்கு அனுமதி ஆகிவிடாது. அதே வரைபடத்தை ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியாகக் கேட்கும். அத்தனையும் கம்ப்யூட்டரில் ஏறிய பிறகும் ஒரு சிறுதொழில்காரர் வேலையை விட்டுவிட்டு ஃபைலோடு அலைய வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சல்தான் புரோக்கருக்குச் சோறு போடுகிறது. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதியில் ஒரு விலக்கு உங்களுக்குச் சாதகமானது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். தண்ணீரோ திரவமோ இல்லாமல் உலர் முறையில் மட்டும் நடக்கும் இன்ஜினியரிங், ஃபேப்ரிகேஷன் வேலைகள், மாசு மிகக் குறைவான தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலில் வருகின்றன. அவற்றுக்கு வாரியத்தின் இசைவாணை, அதாவது அனுமதி, வேண்டாம், தகவல் தெரிவித்தால் போதும். ஆனால் ஹீட் ட்ரீட்மென்ட் (உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்துவது), முலாம் மாதிரியான மேற்பூச்சு வேலை, பெயின்ட் அடிப்பது ஆகிய மூன்றில் எதைச் செய்தாலும் அந்த விலக்கு போய்விடும். மூலையில் சின்னதாக ஒரு பெயின்ட் பூத் வைத்தாலும் அப்படித்தான். முலாம் பூசுவது மாசு அதிகமான சிவப்புப் பட்டியல் வேலை, வீடுகளுக்கு நடுவே அதை நினைக்கவே வேண்டாம். ஷெட்டை வாடகைக்கு விடும்போது குடியேறுபவர் என்ன வேலை செய்யப்போகிறார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஜாப் ஆர்டர் எடுப்பவர் ஆறு மாதத்தில் பெயின்ட்டும் அடிக்க ஆரம்பிப்பார், நோட்டீஸ் இட உரிமையாளரான உங்களையும் தேடி வரலாம். மெஷினைக் குளிர்விக்க ஓடும் கூலன்ட்டும் ஒரு திரவம்தான், அதையும் கணக்கில் எடுத்து, உங்கள் வேலை எந்தப் பட்டியல் என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டே முடிவு செய்யுங்கள்.

இனி கட்டடம். நடுவில் தூண் இல்லாமல் 40 அடி அகலத்துக்கு போல்ட் போட்ட ஸ்டீல் சட்டங்கள், ஓரத்தில் 20 அடி உயரம். இந்த உயரம் இருந்தால் பிற்பாடு பாதி இடத்தில் ஒரு மாடித் தளம் போட்டு ஆபீஸாகவோ தையல் யூனிட்டாகவோ ஆக்கலாம். மாடித் தளம், 2 டன் கிரேன், சோலார் மூன்றின் பாரத்தையும் இப்போதே டிசைனில் சேர்க்கச் சொல்லுங்கள். சோலார் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ, ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி. பின்பக்கம் நீட்டுகிற எண்ணம் இருந்தால் கடைசிச் சட்டத்தையும் நடுச் சட்டத்தின் பலத்திலேயே கேளுங்கள். தளத்தில் குழி வெட்டி ஒயர் புதைக்காதீர்கள். மேலே டிரேயில் ஓடட்டும், மெஷின் நகர்ந்தால் ஒயரும் நகரும். தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ் வந்தால் அதற்குத் தனி அஸ்திவாரம், சுற்றிலும் இடைவெளி. அதைத் தளத்தோடு சேர்த்துக் கட்டினால் அதிர்வு பக்கத்து வீட்டுச் சுவரில் தெரியும்.

"சதுர அடிக்கு இவ்வளவு" என்று மட்டும் எழுதிய கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டீல் எத்தனை கிலோ, ஷீட் என்ன கனம், அஸ்திவாரம் சேர்ந்ததா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். டிசைன் தாளில் கோவைக்கு உரிய காற்று வேகம், விநாடிக்கு 39 மீட்டர், போட்டிருக்கிறதா பாருங்கள். ஷீட் 0.50 மி.மீ. என்று பேசிவிட்டு 0.40 இறக்குவார்கள். மைக்ரோமீட்டர் உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. லாரி வந்ததும் நாலு ஷீட்டின் ஓரத்தை அளந்து பார்த்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள்.

வெயிலுக்கு: வெளிர் நிற ஷீட், அதன் அடியில் 50 மி.மீ. ராக் வுல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) இன்சுலேஷன். ஃபோம் வைத்த பேனலைவிட இது நல்லது, தீப்பிடிக்காது. கூரையில் சுழலும் டர்போ வென்டிலேட்டரைப் பத்துப் பதினைந்தாக விற்பார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் காற்று நுழைய வழி இல்லாவிட்டால் அது எத்தனை சுற்றினாலும் பிரயோஜனம் இல்லை. கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருகிறது. மேற்குச் சுவரின் அடியில் நிழல் தரும் சாய்பலகைத் திறப்பு, உச்சியில் நீளமான வெளியேற்றம், இது போதும். வெளிச்சத்துக்குப் பழைய மில்களில் இருந்த, வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்த ரம்பப் பல் கூரை நல்ல யோசனைதான். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அதனால் கண்ணாடி செங்குத்தாகவும் மேலே சிறு தாழ்வாரத்தோடும் இருக்க வேண்டும்.

காற்று வரும் திறப்பு வழியாகத்தான் சத்தமும் வெளியே போகும். எனவே மேற்கில் வீடு இருந்தால் அந்தத் திறப்புக்கு ஓசை அடக்கும் தடுப்பு வையுங்கள், கம்ப்ரசரை (காற்றை அழுத்தித் தரும் மெஷின்) அதற்கு எதிர்க் கோடிக்குக் கொண்டுபோங்கள். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70. இரவு ஷிஃப்ட் ஓட்டும் எண்ணம் இருந்தால் இந்த 45-ஐ மனதில் வைத்தே சுவர் கட்டுங்கள். கம்ப்ரசருக்குச் செங்கல் அறை, அடியில் ரப்பர் பேட், அது இழுக்கும் காற்று வெளியே நிழலிலிருந்து வரட்டும். உள்ளிழுக்கும் காற்று 4 டிகிரி சூடானால் மின்செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும்.

இடிக்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும், ஆட்களுக்கு நல்ல மாஸ்க் கொடுக்க வேண்டும். "நானே எடுத்துக்கறேன்" என்று இலவசமாகக் கேட்டு வருபவரிடம் கொடுத்தால் அது இன்னொருவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையாகிவிடும். அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் மட்டும் ஒப்படைத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.