ஸ்டோரேஜில் ‘மேலாண்மை இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று வந்தால் என்ன பொருள்?

பெரிய நெட்வொர்க் ஸ்டோரேஜ் கருவிகளில் டேட்டா போய்வர ஒரு வழி, நிர்வாகத்துக்கும் எச்சரிக்கைகளுக்கும் தனியாக இன்னொரு வழி. அந்த இரண்டாவது வழி அடைபட்டால் இந்தச் செய்தி வரும். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்க, தொட்டியின் அளவு காட்டும் கருவி மட்டும் அணைந்துபோவது போல.

முதலில் மேலாண்மை ஐபிக்கு (அந்த இரண்டாவது வழியின் நெட்வொர்க் முகவரி) பிங் செய்யுங்கள், அதாவது கருவி பதில் தருகிறதா என்று சோதியுங்கள். பதில் இல்லையென்றால் கேபிள், சுவிட்ச் போர்ட், நெட்வொர்க்கைத் தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் விலான் அமைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்; அதே ஐபி வேறு கருவிக்கும் போயிருக்கலாம். பதில் வந்தும் நிர்வாகப் பக்கம் திறக்காவிட்டால், பெரும்பாலும் பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான 443ஆம் போர்ட்டை ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது மேலாண்மை சேவை உள்ளே தொங்கி நிற்கிறது. கண்காணிப்பு மென்பொருளில் மட்டும் பிழையா? கடவுச்சொல் மாறியதா, கருவியின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதா என்று பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்: இந்த நேரத்தில் டிஸ்க் பழுதானால் எச்சரிக்கை வராமலே போகலாம்.

டேட்டா போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. பயந்து ஸ்டோரேஜை அணைத்தால்தான் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்கள் நின்றுபோகும்.