எலுமிச்சை எண்ணெய் தடவிய இடம் ஏன் கறுத்தது?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். என் மகளுக்கு 21 வயது. கழுத்து கறுப்பு போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எலுமிச்சை எண்ணெய் பாட்டில் ஒன்று வரவழைத்தாள். தேங்காய் எண்ணெயில் கலந்து கழுத்திலும் இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு, அன்று பகல் முழுக்க மாங்காய் பறிக்கும் தோப்பில் இருந்தாள். மறுநாள் எரிச்சல், அதற்கடுத்த நாள் கொப்புளம். 2 வாரம் ஆகிறது. கொப்புளம் வற்றிவிட்டது, ஆனால் கோடு கோடாகக் கறுத்துக் கிடக்கிறது. அக்கி என்று சொன்னார்கள், காவி குழைத்து அக்கி எழுதியும் பார்த்தோம். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் போய்விடுமா? மீதி எண்ணெயை அஜீரணத்துக்கு வெந்நீரில் 2 சொட்டு விட்டுக் குடிக்கலாம் என்கிறார் என் மாமியார். குடிக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது அக்கி இல்லை அம்மா. சின்னம்மை போட்டுப் போன கிருமி நரம்பில் தங்கியிருந்து பல வருடம் கழித்துக் கிளம்புவதுதான் அக்கி. அது உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும். பெரும்பாலும் கொப்புளத்துக்கு முன்பே வலி வந்துவிடும். உங்கள் மகளுக்கு இரண்டு கையிலும் வந்திருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நிஜமாகவே அக்கியாக இருந்தால் முதல் 3 நாளுக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. காவி பூசிக்கொண்டு காத்திருந்தால் அந்த நாட்கள் போய்விடும். உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழும் பிடிக்கலாம்.

தோப்பு என்றதும் எனக்கு மாங்காய்ப் பால் நினைவுக்கு வந்தது. சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் காம்பு ஒடிக்கும்போது பால் தெறித்துப் புண்ணாவது சாதாரணம். ஆனால் அது தெறித்த இடத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். உங்கள் மகளின் கையைத் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் வழிந்த தடத்திலேயே கறுப்புக் கோடு இறங்கி, சட்டைக் கையின் விளிம்பில் கத்தரித்தது போல நின்றிருக்கிறதா? கழுத்தில் துப்பட்டா மூடியிருந்த இடம் தப்பித்திருக்கிறதா? அப்படியென்றால் எண்ணெயும் வெயிலும் சேர்ந்து செய்த வேலைதான் இது.

எலுமிச்சைத் தோலை விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் மடித்துப் பிழிந்தால் பட்பட்டென்று பொறி பறக்கும், சின்ன வயதில் செய்திருப்பீர்கள். தோலில் உள்ள எண்ணெய்ப் பைகள் உடைந்து பீச்சுவதுதான் அது. அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற பொருள். வாசனைக்குக் காரணம் அதுவும் அதோடு இருக்கும் சிட்ரால் போன்றவையும்தான். கூடவே கொஞ்சம் ஃப்யூரோகூமரின் என்ற வகைப் பொருள்களும் உண்டு, உதாரணமாக பெர்காப்டென். தோலில் பட்டு, மேலே வெயிலில் இருக்கும் யு.வி.ஏ என்ற, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் விழுந்தால் இவை தோல் அணுக்களைச் சுட்டுவிடும். சுட்ட இடம் ஆறும்போது நிறமி அதிகமாகச் சுரந்து கறுக்கும்.

வெண்படைக்கு நாங்கள் சொராலன் மருந்து கொடுத்து, அளந்து வெளிச்சம் காட்டி, வெளுத்த தோலில் நிறம் வரவைப்போம். கார்போக அரிசியில் இருப்பதும் இதே சொராலன்தான். பெர்காப்டெனும் அந்தக் குடும்பம். நிறத்தைக் கூட்ட நாங்கள் பயன்படுத்தும் பொருளை, நிறம் குறையும் என்று நம்பி உங்கள் பெண் அளவில்லாமல் தேய்த்திருக்கிறாள். எனக்குக் கோபம் வருவது இப்படிச் சொல்லி விற்பவர்கள் மீதுதான். 21 வயதுப் பெண்ணின் கழுத்துக் கறுப்பைக் குறையாக்கிக் காட்டாமல் இவர்களால் ஒரு பாட்டில் கூட விற்க முடியாது.

இது அலர்ஜி இல்லை. போதிய எண்ணெயும் வெயிலும் இருந்தால் யாருக்கும் வரும். தடவிய அன்றே தெரியாமல் ஒரு நாள் கழித்து ஆரம்பித்து, 2, 3 நாளில் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் எண்ணெய் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. தோலை நசுக்கிப் பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெயில் இந்தப் பொருள் இருக்கும். ஆவியில் வடித்ததில் அநேகமாக இருக்காது, ஏனென்றால் அது ஆவியோடு மேலே வராது. கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி எண்ணெய்களில் இந்த ஆபத்து மிகக் குறைவு. பாட்டிலில் ‘கோல்டு பிரஸ்டு’ (சூடில்லாமல் பிழிந்தது) என்று பெருமையாகப் போட்டிருந்தால், எலுமிச்சையைப் பொறுத்தவரை அதுதான் எச்சரிக்கை. ஓசூர் மாதிரிக் குளிர்ந்த ஊர், மேகமூட்டம், கண்ணாடி ஏற்றிய கார் எதையும் நம்ப வேண்டாம், யு.வி.ஏ இவற்றையெல்லாம் தாண்டி வரும். ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிய கையோடு மாடிக்குப் போய் வெயிலில் காயவைப்பவர்களுக்கும் இது வருவதுண்டு. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போனால் போதும்.

சரி, இனி என்ன செய்வது? கறுப்பு ஒரு மாதத்துக்குள் முழுதாகப் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை ஆகலாம். ஆனால் தானாக மங்கும், பெரும்பாலும் தழும்பு நிற்காது. வெயில் படப்பட மங்குவது தள்ளிப்போகும். அதனால் முழுக்கைச் சட்டை, துப்பட்டா, எஸ்.பி.எஃப் 30க்கு மேலுள்ள சன்ஸ்கிரீன் இவை போதும். வறண்டிருந்தால் வெறும் வாசலின் தடவலாம். எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், தேய்த்து உரிப்பது எதுவும் வேண்டாம். அவசரத்தில் மெடிக்கலில் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த வெள்ளையாக்கும் கிரீம் வாங்கிவிடாதீர்கள். முதல் வாரத்தில் பளிச்சென்று தெரியும். அப்புறம் தோல் மெலிந்து, பருவும் ரோமமும் வந்து, நிறுத்தினால் சிவந்து எரியும். சீழ், காய்ச்சல், கண்ணோரத்தில் கொப்புளம் என்று ஏதாவது இருந்தால் மட்டும் தாமதிக்காமல் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால், எண்ணெய் தடவி வெயிலில் நின்றதில் ஆனது என்று நேராகச் சொல்லுங்கள். இது தொற்றுநோயோ பரம்பரை நோயோ இல்லை.

மாமியாரிடம் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் வெந்நீரில் கரையாது; மிதந்து, அப்படியே நாக்கிலும் தொண்டையிலும் படும். அஜீரணத்துக்குச் சீரகத் தண்ணீர் குடிக்கட்டும். அது நீடித்தால் மருத்துவரைப் பார்க்கட்டும். தொப்பூர் கணவாயில் பஸ் வளைந்து ஏறும்போது குமட்டினால் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி பஞ்சில் ஒரு சொட்டு விட்டு முகர்வதில் தவறில்லை. ஆனால் திறந்து நாளான எண்ணெய் காற்றில் மாறி, அப்போது நிஜமாகவே அலர்ஜி உண்டாக்கும். புளித்த வார்னிஷ் வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். அதுவரை குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை தப்பித்தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அப்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். 108க்கு அழைத்து, பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.