நெக்ஸான் மின்சாரக் கார்: தினமும் 100% சார்ஜ் ஏற்றலாமா?

வணக்கம் நண்பரே. தினம் 40 கிலோமீட்டர்தான் ஓட்டுறீங்க, ஆனா ராத்திரி ராத்திரி 100 வரை ஏத்துறீங்க, அப்படியும் சார்ஜ் குறைஞ்ச நேரத்துல 22 சதவீதத்திலிருந்து திடீர்னு 14-க்கு இறங்குதுன்னு எழுதியிருக்கீங்க. பேட்டரி போச்சுன்னு உடனே பயப்படாதீங்க.

உங்க நெக்ஸான்ல இருக்கிறது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. இதுல சார்ஜ் 80-லயும் 40-லயும் இருக்கும்போது வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால எவ்வளவு மிச்சம்னு வண்டியோட கணக்கே சில நேரம் தடுமாறும். வாரம் ஒருமுறை, வீட்டுல மெதுவா ஏத்துற ஏசி சார்ஜர்ல 100 வரை ஏத்தி, அதுவா நிக்கிற வரைக்கும் பிளக்கைப் பிடுங்காம விடுங்க. பேட்டரிக்குள்ள வரிசையா இருக்கிற செல்கள் எல்லாம் சமமாகும், கணக்கும் சரியாகும். இங்கதான் பலர் அவசரப்படுறாங்க: 100 காட்டினதும் கழட்டிடுவாங்க.

மத்த நாள் 80 போதும். பேட்டரிக்கு உண்மையான எதிரி நிறைஞ்ச சார்ஜோட சேர்ந்த சூடு. மே மாச வெயில்ல வந்து நின்னதும் சார்ஜரைச் சொருகாதீங்க. நான் டைமரை விடியக்காலம் 3 மணிக்கு வச்சிருக்கேன். கிளம்பும்போது 80 தொட்டிருக்கும். வண்டியை வீட்டுல விட்டுட்டு ஊருக்குப் போனா, சார்ஜை 50-ல வச்சிட்டுப் போங்க. நெடும்பயணத்துல பொது நிலையத்துல வேகமா ஏத்துற டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் தப்பில்ல, அதையே தினசரிப் பழக்கமா வைக்காம இருந்தா சரி.

ரெண்டு மூணு வாரம் இப்படிச் செஞ்சும் அந்தத் தாவல் நிக்கலேன்னா, வாரண்டி இருக்கும்போதே சர்வீஸ்ல செல் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்க.