குவைத் தினார் பில்லில் 15 ஃபில்ஸ் வித்தியாசம்

வணக்கம் நண்பரே. பில்லிங்கில் 3.375 தினார், கணக்கு மென்பொருளில் 3.39 என்று விழுவதாகச் சொல்கிறீர்கள். பில்லில் 1.125 தினார் வீதம் மூன்று உருப்படிகள் என்றால் காரணம் தெளிவு: ஒவ்வொன்றும் தனித்தனியாக 1.13 ஆகிவிடுகிறது. ஒரு தினாருக்கு 1000 ஃபில்ஸ். நாணயக் குறியீடுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4217 பட்டியலில் தினாருக்கு மூன்று தசம இடம், ரூபாய்க்கு இரண்டு, ஜப்பானிய யென்னுக்குச் சுழியம். பில்லிங்கையும் கணக்கு மென்பொருளையும் இணைக்கும் உங்கள் நிரல் எல்லாவற்றையும் ரூபாய் மாதிரியே நடத்துகிறது.

தொகையை ஃபில்ஸில், 3375 என முழு எண்ணாக, நாணயக் குறியீட்டோடு அனுப்புங்கள். வாங்கும் பக்கம் 1000-ஆல் வகுக்கிறதா என்று அவசியம் பாருங்கள். 100-ஆல் வகுத்தால் 33.75 ஆகி, பத்து மடங்காகிவிடும்! கணக்கு மென்பொருள் இரண்டு இடம்தான் ஏற்கும் என்றால், மொத்தத்தை மட்டும் ஒரே ஒருமுறை ரவுண்ட் செய்யுங்கள். பழைய பில்களைத் திருத்த வேண்டாம். வித்தியாசத்தை ரவுண்டிங் கணக்கில் ஜர்னல் (சரிக்கட்டும் பதிவு) போட்டுவிடுங்கள்.