பத்து வயதுப் பிள்ளையா மொழிபெயர்ப்பாளர்?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு, கர்நாடக எல்லையை ஒட்டிய தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆலோசகர் பயிற்சியில் இருக்கிறேன். கிராமத்துப் பெண்கள் ஒருமுறை வந்தால் மறுபடி வருவதில்லை. போன வாரம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் ஓர் அம்மா வந்தார். அவர் பேசுவது கன்னடம், தமிழ் சரியாக வராது. கூட வந்த பத்து வயது மகள்தான் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். “அம்மாவுக்கு ரொம்ப பேஜாராம்” என்றாள். வீட்டு எரிச்சல் என்று குறித்துக்கொண்டேன். அவரும் திரும்பி வரவில்லை. வீட்டில் பாட்டியோடு, அதாவது அஜ்ஜியோடு, நான் பேசுவதும் கன்னடம்தான், ஆனால் எங்கள் பயிற்சி முழுக்க ஆங்கிலமும் தமிழும். இங்கே யாருக்கும் கவுன்சலிங்கின் அருமை தெரியவில்லை. பெங்களூருக்கே போய்விடலாமா? — தளி வாசகி

பதில்: பெங்களூர் இருக்கட்டும். ‘அஜ்ஜியோடு பேசுவது கன்னடம்தான்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். கன்னடம் தெரிந்த நீங்களே எதிரில் இருக்கும்போது, ஒரு சின்னப் பிள்ளையை எதற்காக நடுவில் உட்கார வைத்தீர்கள்?

தமிழில் பேஜார் என்றால் தொல்லை, எரிச்சல். கன்னடத்தில் ‘பேஜாரு’ என்றால் துக்கம், மனசு விட்டுப்போவது. உங்கள் அஜ்ஜி வாயிலேயே நூறு தடவை கேட்டிருப்பீர்கள். பிள்ளை அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள், நீங்கள் தமிழ்ப் பேஜாரை எழுதிக்கொண்டீர்கள். அந்த அம்மாவின் துக்கம் உங்கள் நோட்டில் சிடுசிடுப்பாகிவிட்டது. அவர் எதற்குத் திரும்பி வர வேண்டும்?

இன்னொன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புருஷன் அடிக்கிறான், செத்துவிடலாம் போலிருக்கிறது என்று பெற்ற மகள் வாய் வழியாக எந்தத் தாய் சொல்வாள்? விழுங்கிக்கொள்வாள். சொல்லிவிட்டால், அந்தப் பாரத்தோடு பிள்ளை ராத்திரி தூங்காமல் கிடக்கும். தாயின் காயத்தைத் தாங்குவது பெரியவர்கள் வேலை. அதைக் குழந்தை தலையில் ஏற்றியது தப்பு, பெரிய தப்பு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்கூட, சிகிச்சைக்குச் சம்மதம் என்பது சிகிச்சை பெறுகிறவருக்குப் புரிகிற மொழியில், புரிகிற விதத்தில் எடுத்துச் சொல்லிப் பெறுவது என்கிறது.

பயிற்சியிலும் குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 2008ல் ஜெஃப்ரி ஆர்னெட் என்பவர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முக்கியமான ஆறு இதழ்களை அலசினார். ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்வள நாட்டவர்கள். ரோஜாப் பண்ணைக்காரிக்கு அதில் இடம் ஏது? உங்களைப் போல இரண்டு மொழி வீட்டில் வளர்ந்தவர்கள் இந்தத் தொழிலுக்கு வருவது அதனால்தான் முக்கியம். நீங்களோ அந்தக் கன்னடத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறீர்கள்!

ஜிம்பாப்வேயில் 2006ல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, வருகிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பேச வைத்தார். அங்கே மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லைப் பிடித்துத் தொங்கவில்லை. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’, அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது, என்று சனங்கள் பேசுகிற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கிறாரே! மனசு சரியில்லாததற்குக் கன்னடத்தில் என்னென்ன சொல்வார்கள் என்று இன்றைக்கே அவரிடம் கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டை உங்கள் பயிற்சியாளர் மேஜையில் வையுங்கள். கன்னடம், தெலுங்கு பேசுகிற பெண்களையும் பயிற்சிக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், கிராமச் செவிலியர் மூலமாக அந்த அம்மாவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி சொல்லி அனுப்புங்கள். வந்தால், “ஊட்டா ஆய்தா?” (சாப்பிட்டாச்சா?) என்று கன்னடத்திலேயே ஆரம்பியுங்கள். போன தடவை நடந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். மகளும் கூட வந்திருந்தால், அவளை வெளியே விளையாட விட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.